நாற்பது வினாடிக்குப் பத்துக்குப் பத்து

தும். தும்தும். தும். வவுனியாவைத் தாண்டி பஸ் வேகமெடுத்ததும் சாரதியின் தலைக்கு மேலிருந்த பெட்டி அடிக்கத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி அதற்கேற்றபடி பல்லை நெருமியது. வன்னிக்குள் நுழைகிற ஒருவனுக்கு என்னென்னவோ ஞாபகம் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு வந்தது நோர்வேயில் என் மேல்வீட்டில் இருக்கும் பல்வைத்திய மாணவன். சனிக்கிழமை மத்தியானங்களில் அவன் இதே அடியைத்தான் போடுவான். என் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கும். நான் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பேன். அவன் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டுவான். இத்தனை கடல் தாண்டி வந்து இறங்கினால், எனக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்து இருக்கையில் துண்டு போட்டிருக்கிறது.

துண்டு போட்டவரின் பெயர் சுதன். லண்டனில் கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுகிறவர். கிளிநொச்சியில் ஒரு இசைப் போட்டி வைக்கிறோம், நடுவராக வாருங்கள் என்று அழைத்தார். ட்ரம் அண்ட் பேஸ் என்றார். ஓடித் தப்புகிறவனின் இருதயத்தைப் போல வேகமான பறைகள், அவற்றுக்கடியில் வயிற்றைப் பிசைகிற தடித்த கீழ்ச்சுரம், அவ்வளவுதான். லண்டனிலிருந்து பன்னிரண்டு போட்டியாளர்களுக்கும் ஒரே பொதியை அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பறைத்துண்டு, எட்டு பேஸ் துண்டு. ஒவ்வொன்றும் சில வினாடி. நிறுத்தும்வரை தன்னையே திருப்பித் திருப்பிச் சொல்லும். லூப் என்று பெயர். அவற்றை வெட்டலாம், ஒட்டலாம், இழுக்கலாம். சொந்தக் குரல் சேர்க்கலாம். வேறு ஒரு சத்தமும் சேர்க்கக்கூடாது. மூன்று நாளில் நான்கு நிமிடப் பாட்டு.

இதில் வசனகவிதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். வரிகளுக்குப் புள்ளி போட ஒரு கவிஞர் தேவையாம். பிற்பாடு கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பாட்டிலும் சொற்களைச் சேர்த்தால் ஒரு தபாலட்டை நிரம்பாது. அதில் பாதி "ஹேய்".

முதல்நாள். சுதன் மண்டப வாசலில் நின்றார். கிளிநொச்சியின் மத்தியான வெயிலில் கறுத்த தொப்பி, கறுத்த சட்டை, முழங்கால் வரை ஏறிய கறுத்த சப்பாத்து. மண்டபம் பெரிய வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. வாசலில் அகலமான இரட்டைக் கதவு. எதிர்ப்பக்கக் கோடியில் மேடை. மேடையில் நிற்பவருக்கு வாசலும் ஒழுங்கையும் நேரே தெரியும். முன்வரிசையில் இருக்கும் நடுவர்களுக்கு எல்லாமே முதுகுப்பக்கம். அந்த ஒழுங்கை எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குக் கிளிநொச்சியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது என் நினைப்பு.

தொடக்க விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் இளைய தலைமுறையின் துடிப்பு என்றார்கள். லூப் என்றால் என்ன என்பதை அவர்களே செய்து காட்டிவிட்டதால் போட்டியை அத்துடன் முடித்துக்கொண்டிருக்கலாம்.

பரிசைச் சொன்னபோதுதான் மண்டபம் நிமிர்ந்தது. நகரில் புதிதாக ஒரு ஒலிப்பதிவு அறை கட்டியிருக்கிறார்கள். முதலாவதாக வருகிறவருக்கு அங்கே ஒரு வருடம் சம்பளத்தோடு வேலை. இரண்டாவதாக வருகிறவருக்கு ஒரு ஹெட்போன். அந்த ஹெட்போன்களை நடுவர்களுக்கும் தந்தார்கள். மடிக்கணினியிலிருந்து நேரே வருகிற சுத்தமான ஒலியைத்தான் நாங்கள் கேட்க வேண்டுமாம். பனிப்பிரதேசத்தில் காதை மூடப் போடுவது போன்ற தடித்த சாமான். மாட்டினால் உலகத்தை ஆரோ கதவடைத்துச் சாத்திய மாதிரி இருந்தது.

சுதனையும் என்னையும் தவிர மூன்றாவது நடுவர் தவமணி டீச்சர். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஹெட்போனைக் கையில் வாங்கி, தேங்காய் வாங்குகிறவர் போல் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார்.

"இதைப் போட்டால் காது வேர்க்கும் தம்பி."

"சுத்தமாக் கேட்கும் டீச்சர்," என்றார் சுதன்.

"எனக்கு இதுவரைக்கும் ஊத்தையாவோ கேட்டது?"

சோறு நன்றாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை, பொரித்த மிளகாய். நோர்வேயில் மீன் என்றால் சோகமாக வெள்ளையாகக் கிடக்கும். இங்கே மீன் கடைசிவரை சண்டை பிடித்துவிட்டுத்தான் குழம்புக்குள் போயிருந்தது. பிறகு வீதியோரம் பாலைப்பழம் வாங்கித் தின்றேன். அதன் பால் உதட்டில் ஒட்டி, கொஞ்ச நேரம் வாய் திறக்க முடியாமல் இருந்தேன். அப்படியே மூன்று நாளும் இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் விசுவமடுவுக்குப் போனோம். அங்கே ஒருவரிடம் பெரிய ஒலிபெருக்கிகள் வாடகைக்கு இருந்தன. வானை ஓட்டியவர் சிவம். ஐம்பது வயதிருக்கும், அளந்து கதைக்கிற மனிதர். தர்மபுரத்துக்குக் கிட்ட முன் ரயர் காற்றுப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். ரயர் ஒட்டுகிற கடைக்காரர் சுதனின் சப்பாத்தைப் பார்த்துவிட்டு ரயரைப் பார்த்தார்.

"என்ன போட்டி வைக்கிறியள்?"

சுதன் பத்து நிமிடம் விளக்கினார். வேகம், துண்டு, அடி, உலகத்தரம்.

"அப்ப ஆர் கூடச் சத்தம் போடுறது எண்டு பாக்கிறியள்," என்றார் கடைக்காரர். "என்ர மனிசியையும் சேப்பியளோ?"

மூன்று நாளில் நான் கேட்ட ஒரே கலை விமர்சனம் அதுதான்.

திரும்பும் வழியில் சிவம் றேடியோவில் பாட்டுப் போட்டிருந்தார். சுதன் கைபேசியில் லண்டனோடு ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டு வந்தார். "இங்கே எல்லாம் பச்சை மண். நாம் எதை வனைந்தாலும் அது அப்படியே நிற்கும்," என்றார். ஒரு வளைவில் பாட்டு சட்டென்று நின்றது. வானும் மெதுவாகப் போனது. கொஞ்சத் தூரம் போனதும் பாட்டு திரும்ப வந்தது. உங்கள் றேடியோவில் எங்கேயோ வயர் இளகிக் கிடக்கு என்றேன். சிவம் கண்ணாடிக்குள் என்னை ஒருமுறை பார்த்தார்.

பின்னேரம் மண்டபத்தில் போட்டியாளர்கள் மூலைக்கு மூலை குந்தியிருந்து துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் மூன்றாம் இலக்கப் பறைத்துண்டையே எடுத்திருந்தார்கள். ஒன்பது மடிக்கணினியிலிருந்தும் ஒன்பது நேரத்தில் அது கிளம்ப, வண்டில் மாடுகள் கூரையில் ஓடுவது போலிருந்தது. ஒருத்தி மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குக் கிட்ட. பெயர் றெஜினா. முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் குடும்பம். கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்.

"அண்ணை, ஒரு லூப்பை எவ்வளவு சின்னனா வெட்டலாம்?"

"உங்கட விருப்பம். ஏன் தங்கச்சி?"

"இதில சின்னக் கைத்தாளம் மாதிரி ஒண்டு கேட்குது. அதை மட்டும் எடுத்தால் ஊசி இறங்குற சத்தம்." போட்டுக் காட்டினாள். டிக் டிக் டிக். உண்மையிலேயே ஊசிதான்.

நான் என் பெருமூச்சை அவளிடம் இறக்கினேன். இந்த லூப் கலாசாரம் எங்களுக்கு ஒட்டாதது, வாழ்க்கை திரும்பத் திரும்ப வராது, கவிதை ஆறு போன்றது என்று எதையோ சொன்னேன். அவள் முழுவதையும் மரியாதையாகக் கேட்டாள்.

"நான் ஆறு வருசமாக் கொலர் தைக்கிறன் அண்ணை. ஒரே கொலர். சேட்டின்ர மிச்சம் வேற ஆக்கள் தைப்பினம். முழுச் சேட்டை நான் காணுறது ஆரும் போட்டுக்கொண்டு வந்தால்தான். லூப் எண்டு நீங்கள் புதுசாச் சொல்லுறியள். நான் அதுக்குள்ளதான் இருக்கிறன்."

எனக்கு ஆறு வற்றிவிட்டது.

மூன்று நாள் சம்பளமில்லாத லீவில் வந்திருக்கிறாள். திங்கட்கிழமை வராவிட்டால் உன் மெசினில் வேறு ஆள் இருக்கும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவு அறை கிடைத்தால் திங்கட்கிழமை போகத் தேவையில்லை.

"கிடைக்காட்டி?"

"கொலர் இருக்குத்தானே," என்று திரும்பத் திரைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் போட்டி. மண்டபம் நிறைந்து வாசல்வரை சனம். நடுவர்கள் மூவரும் முன்வரிசை மேசையில். நானும் சுதனும் ஹெட்போனை மாட்டினோம். டீச்சர் தன்னுடையதை மேசையில் வைத்து அதற்குமேல் கைக்குட்டையை வைத்தார்.

ஏழு பாட்டுப் போனது. தர்மபுரத்தில் சலூன் வைத்திருக்கும் ஜெகன் மட்டும் தொடக்கம், நடு, முடிவு என்று ஒன்றை ஒழுங்காகச் செய்திருந்தார். புதுமை இல்லை, ஆனால் சிராய் இல்லாமல் சீவின பலகை. மற்றவர்களுடையதைக் கேட்டபோது என் மேல்வீட்டு மாணவனை மனதுக்குள் மன்னித்தேன்.

எட்டாவது றெஜினா. மேடையில் மடிக்கணினிக்கு முன்னால் நின்று தொடங்கினாள். ஊசி இறங்கியது. அதற்குக் கீழே பேஸ், பெரிய மெசின்கள் ஒரேயடியாக உயிர் பெறுவது போல. அதன்மேல் அவளுடைய குரல். பாடவில்லை, எண்ணினாள். இருபத்தொண்டு, இருபத்திரண்டு, இருபத்திமூண்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது நிமிடம் முடியும் தறுவாயில் அவள் தலையை நிமிர்த்தினாள். கை ஒன்று அசைந்தது. எல்லாம் நின்றது.

அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை. ஹெட்போனுக்குள் ஒரு துகள் சத்தம் இல்லை. பத்து வினாடி. இருபது. அவள் கைகளைப் பின்னால் கட்டித் தலையைக் குனிந்து நின்றாள். இந்த இசையில் பறை விழுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி விடுவார்களாம், சுதன் சொல்லியிருந்தார், ஒன்றிரண்டு வினாடி. இவள் அதைக் கிழித்துத் திறந்து ஒரு வயல்வெளி அளவுக்கு விரித்துவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் தவமணி டீச்சர் எழுந்து நின்றார். திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது, தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கதிரையில் இருந்தபடியே கையை உயர்த்தி, பலமாக, பல தடவை கைதட்டினேன்.

யாரும் சேர்ந்து தட்டவில்லை. சனத்துக்கு இன்னும் ரசனை பழகவில்லை, எழும்பத் தெரிகிறது, தட்டத் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

நாற்பது வினாடி. பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் கேட்டேனோ தெரியாது. பத்துக்குப் பத்து என்று அப்போதே எழுதிவிட்டேன்.

எல்லாம் முடிந்து புள்ளிகளைச் சேர்த்தோம். சுதனும் பத்துப் போட்டிருந்தார். டீச்சர் ஆறு.

"ஆறோ டீச்சர்?"

"பாட்டுக்கு ஆறு காணும். முதல் பாதி கெட்டித்தனம். கடைசி ஒரு நிமிசம் வெட்டாமல் அப்பிடியே ஒட்டிவிட்டிருக்கிறா. நேரம் போதாமல் போயிருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "இடையில நிப்பாட்டினதுக்கு நான் குறைக்கேல்லை. அது பிழையில்லைத்தானே."

"குறைக்கிறதோ? நான் அதுக்குத்தானே பத்துப் போட்டனான்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிப்பாட்டினதுக்கோ?"

"ஓம்."

"நல்ல பழக்கத்துக்கும் புள்ளி இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். ஜெகனுக்கு மொத்தம் இருபத்திரண்டு, றெஜினாவுக்கு இருபத்தாறு. முடிவை அறிவிக்க நானே மேடையேறினேன். கவிஞனுக்கு மைக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. வேகத்தின் நடுவில் ஒரு குளம் என்றேன். இரைச்சலின் நெற்றியில் வைத்த ஈரத்துணி என்றேன். அந்த நாற்பது வினாடிதான் இந்தப் போட்டியின் ஒரே பாட்டு என்று சொல்லி றெஜினாவை அழைத்தேன்.

வந்தாள். முகத்தில் சந்தோசம் தொடங்கி அரைவாசியில் நின்றிருந்தது. மைக்கை என்னிடமிருந்து வாங்கினாள்.

"அண்ணை, அது பாட்டில்லை. செத்தவீடு போனது. வாசலால தெரிஞ்சது. நிப்பாட்டினனான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்காததை என் முகம் காட்டியிருக்க வேண்டும். பின்னாலிருந்து வான் சாரதி சிவம்தான் மிச்சத்தைச் சொன்னார், எப்போதும்போல் அளந்து:

"இந்த ஒழுங்கை சுடலைக்குப் போற வழி ஐயா. பறைமேளத்தோட கொண்டு போனவை. நீங்கள் கைதட்டேக்க பிரேதம் வாசலுக்கு நேர நிண்டது."

பிரேதம் போகும்போது பாட்டை நிறுத்த வேண்டும், எழும்பி நிற்க வேண்டும். சைக்கிளில் போனால் இறங்க வேண்டும். கடைக்காரர் கதவைப் பாதி சாத்துவார். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வயதுவரை நானும் அதைச் செய்தவன். அந்த வளைவில் சிவம் ஏன் றேடியோவை நிறுத்தினார் என்பதும் அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாளாகப் பொதியில் வந்த பறைகளை ஏளனம் செய்துகொண்டிருந்தேன். தோலில் அடித்த ஒரே ஒரு பறை முதுகுக்குப் பின்னால் போனபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சுதன் என் காதுக்குள் வந்தார். "விடுங்கோ அண்ணை. வெளியில ஆருக்குத் தெரியும்? வீடியோவில அந்தச் சைலன்ஸ் அந்த மாதிரி வந்திருக்கு. குடுத்து அனுப்புங்கோ."

அது றெஜினாவுக்கும் கேட்டது. மேடையின் ஓரத்தில் அந்த வேலைக்கான கடிதம் ஒரு தட்டில், பூவுக்கு நடுவில் இருந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள். ஒருமுறைதான்.

"என்ர பாட்டை முழுசாக் கேட்டிட்டுப் போடுங்கோ. செத்த மனிசன்ர புள்ளி எனக்கு வேண்டாம்."

திரும்பப் போட்டோம். இந்த முறை ஹெட்போனை டீச்சரின் கைக்குட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் பாதி அருமை. மூன்றாவது நிமிடத்தில் எண்ணிக்கை குழறி ஒன்றிலிருந்து தொடங்கும்போது கதிரை நுனிக்கு நகர்ந்தேன். கடைசி நிமிடம் டீச்சர் சொன்னபடியே. துண்டு துண்டாக வெட்டித் தைத்தவள் அங்கே மட்டும் துணியை அப்படியே தொங்கவிட்டிருந்தாள்.

சுதன் ஏழு போட்டார். டீச்சர் தன் ஆறைத் தொடவில்லை, தொடத் தேவையிருக்கவில்லை. நான் ஒன்பது போட்டால் ஜெகனோடு சமம். பேனா ஒன்பதின் தலைச்சுழியைப் போட்டும்விட்டது. நிமிர்ந்தேன். மேடையிலிருந்து றெஜினா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கைதட்டிய கையை. இரக்கத்தில் போடும் புள்ளியும் அதே கைதட்டல்தான். அந்தச் சுழியை எட்டாக முடித்தேன்.

ஒரு புள்ளியால் ஜெகன். றெஜினாவுக்கு ஹெட்போன்.

அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை, கிளிநொச்சி பஸ் நிலையம். என் பஸ் தெற்கே, அவளுடையது முல்லைத்தீவுக்கு. ஹெட்போன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தேன். கடதாசிச் சரையை நீட்டினாள்.

"அந்தச் செத்தவர் ஆர் தங்கச்சி? வீட்டுக்காரரிட்ட ஒருக்காப் போய்..."

"தெரியாது அண்ணை."

"தெரியாதோ?"

"ஆரோ ஒராள். தெரிஞ்ச ஆளுக்கு மட்டுமோ நிப்பாட்டுறது?"

நான் ஒரு கச்சானை உடைத்தேன்.

"நிப்பாட்டாமல் விட்டிருந்தால், நான் முதலே ஒழுங்காக் கேட்டிருப்பன். கடைசி நிமிசத்தையும் திருத்தியிருந்தீங்கள் எண்டால்..."

"திருத்தியிருந்தால் ரெண்டு புள்ளி கூட வந்திருக்கும். அது என்ர பிழை. சும்மா எல்லாத்தையும் உங்கட தலையில போடாதேங்கோ, பாரம்."

"நாளைக்கு வேலைக்குப் போவீங்களோ?"

"போகாமல்? பின்னேரம் திரும்பி வந்திடுவன். கொலர் பாத்துக்கொண்டிருக்கும்." கோதைத் தட்டினாள். "ஞாயிறுகளில வந்து உதவச் சொல்லி ஜெகன் கேட்டவர். பேஸை எப்பிடிப் பிரிக்கிறதெண்டு அவருக்குப் பிடிபடேல்லையாம். யோசிப்பம்."

என் பஸ் வந்தது. உள்ளே ஏற்கெனவே அந்தப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தது. தும். தும்தும். தும். மிதிபலகையில் ஏறி நின்று, மன்னிப்புக்கு ஏற்றதாக ஒரு நல்ல வசனத்தைத் தேடினேன். கிடைக்குமுன் கூட்டம் என்னை உள்ளே ஒரு ஜன்னல் இருக்கைக்குத் தள்ளியது. அவள் கச்சான் சரையை ஜன்னல் வழியாக என்னிடம் தந்தாள்.

"அண்ணை, வழியில பாட்டு நிண்டால் கையை மடியில வைச்சிருங்கோ."